முன் டிஸ்க் பிரேக்கில் ஏர்: ஒரே ஆளாக எடுக்க முடியுமா?

நெல்லை ரைடர்:
2017 மாடல் பல்சர் 150, ஏபிஎஸ் கிடையாது. முன் பிரேக் ஹோஸ் (ஆயில் போகிற குழாய்) கசிந்ததால் புதுசு வாங்கி நானே மாட்டினேன். இப்போது லிவரைப் பிடித்தால் கிரிப் வரைக்கும் சும்மா போகிறது. நாலைந்து தடவை அடித்தால் கொஞ்சம் பிடிக்கிறது, விட்டுப் பிடித்தால் மறுபடி அதே கதைதான். ஏர் எடுக்கும் வீடியோக்களில் எல்லாம் ஒருவர் லிவரைப் பிடிக்க இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் காலிப்பரில் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) இருக்கும் நிப்பிளை, அதாவது ஏர் வெளியேறும் குட்டித் திருகைத் திறக்கிறார். வீட்டில் நான் மட்டும்தான். தனியாகச் செய்யலாமா, எந்த ஆயில் வாங்குவது?

பழைய ஸ்பேனர்:
தாராளமாகச் செய்யலாம் தம்பி. ஒரு கை லிவரில், மறு கை ஸ்பேனரில், பைக்கில் ரெண்டும் எட்டும். எந்த ஆயில் என்று ரிசர்வாயர் (ஹாண்டில்பாரில் இருக்கும் ஆயில் டப்பா) மூடியிலேயே போட்டிருக்கும், அதையே வாங்குங்கள். டாட் 5 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) மட்டும் வேண்டாம், அது சிலிக்கான் வகை, டாட் 3, டாட் 4 ஆயிலோடு சேராது. மூடி ஸ்க்ரூ தலை சீக்கிரம் வழுக்கிவிடும், அளவான ஸ்க்ரூ டிரைவரை வைத்து மேலே ஒரு தட்டு தட்டிவிட்டு அழுத்தித் திருப்புங்கள்.

மீன் தொட்டிக்கு ஏர் விடுகிற டியூப் ஒரு முழம் போதும், உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். முதலில் நிப்பிளில் ரிங் ஸ்பேனரை மாட்டிவிட்டு (பெரும்பாலும் 8 எம்எம்) அப்புறம்தான் டியூப், மாற்றிச் செய்தால் டியூபைக் கழற்ற வேண்டி வரும். டியூபின் மறு முனை ஒரு பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிய புது ஆயிலுக்குள் முங்கியிருக்க வேண்டும். லிவரை மெதுவாக சில தடவை அடித்துப் பிடித்துக்கொண்டு, நிப்பிளைக் கால் சுற்று திறங்கள், லிவர் கிரிப்புக்குப் போகும், அங்கேயே பிடித்தபடி நிப்பிளை மூடுங்கள், மூடின பிறகுதான் லிவரை விட வேண்டும். இந்த வரிசை மாறினால் வெளியே போன ஏர் திரும்ப உள்ளே வரும், விடிய விடிய அடித்தாலும் தீராது. ரிசர்வாயரில் ஆயில் லோயர் கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. நிப்பிளை வெறியோடு முறுக்காதீர்கள், உடைந்தால் காலிப்பருக்கே செலவு.

மதுரை கேரேஜ்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஹோஸ் மாற்றினால் லைன் முழுக்கக் காலி, மேலிருந்து அடித்து இறக்க ரொம்ப நேரம் ஆகும். மருந்துக்கடையில் பெரிய சிரிஞ்சு வாங்கி, ஏர் இல்லாமல் ஆயில் நிரப்பி, நிப்பிள் வழியாகக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். ஏர் தானாகவே மேலே ஏறுகிற பொருள், அதன் போக்கிலேயே விரட்டுகிறோம். ரிசர்வாயர் நிரம்பி வழியாமல் அப்பப்போ உறிஞ்சி எடுங்கள். டேங்க் மேல் ஈரத்துணி போட்டுவிடுங்கள், பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கடைசியாக ஏர் ஒளிந்துகொள்ளும் இடம் மாஸ்டர் சிலிண்டரில் (லிவர் அழுத்துகிற மேல் பம்ப்) ஹோஸ் சேருகிற பேஞ்சோ போல்ட், அதாவது ஆயில் ஓட நடுவில் துளை உள்ள போல்ட். ஹாண்டில்பாரைத் திருப்பி அந்த இடத்தை உயரத்துக்குக் கொண்டுவந்து, லிவரை நூல் அளவு மட்டும் சுண்டிச் சுண்டி விடுங்கள், ரிசர்வாயரின் அடியிலிருந்து கடுகு கடுகாகக் குமிழி வரும். அப்புறம் மூடியைப் போட்டு லிவரை கிரிப்போடு கட்டி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் இன்னும் கொஞ்சம் இறுகியிருக்கும்.

நெல்லை ரைடர்:
சிரிஞ்சு முறையில் செய்தேன், லிவர் கல்லாகிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா. பாதி பாட்டில் ஆயில் மீதி இருக்கிறது, அடுத்த தடவைக்கு வைக்கலாமா?

பழைய ஸ்பேனர்:
வேண்டாம் தம்பி. திறந்த பாட்டில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் அந்தக் கணக்கு 155க்கு இறங்கிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கும்போது உள்ளே ஆயில் கொதித்து ஆவியானால் லிவர் பொசுக்கென்று கைக்கு வந்துவிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை முழுசாக மாற்றுங்கள்.

பேஞ்சோ போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர் போட்டீர்களா? லிவரை ஒரு நிமிஷம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹோஸின் ரெண்டு முனையிலும் நிப்பிளிலும் டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். பேப்பர் நனைந்தால் வண்டியை எடுக்க வேண்டாம், காய்ந்திருந்தால் முதலில் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பிடித்துப் பாருங்கள்.