வண்டி ஓட்டாதவர்களின் பந்தய அனுபவங்கள்

அம்பத்தூர் உறுப்பினர், கொடி மார்ஷல்:

வார இறுதியில் இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்துக்குப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்னால், "என்ன வண்டி ஓட்டுறீங்க சார்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். ஓட்டுவதில்லை, கொடி பிடிக்கிறேன் என்றதும் கேட்டவரின் ஆர்வம் வடிந்துவிடும். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பால் முதலில் சோழவரத்திலும் 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் அமைந்த சொந்தத் தடத்திலும் பந்தயங்களை நடத்த முடிந்திருக்கிறது என்றால், வார நாள்களில் வங்கியிலும் பட்டறையிலும் கல்லூரியிலும் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வந்து நிற்கும் ஓட்டாத கூட்டத்துக்கு அதில் பாதிப் பங்கு உண்டு என்பது என் கருத்து. ஓட்டுநர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளமுள்ள அந்தத் தடத்தைச் சுற்றி, ஒரு போஸ்டில், அதாவது கொடி காட்டும் காவலிடத்தில், இருப்பவருக்கு அடுத்த போஸ்ட் கண்ணில் படும்படி நாங்கள் நிறுத்தப்படுவோம். நீலக் கொடிக்காரர் வரும் வண்டிகளைப் பார்த்து நிற்பார். உனக்குப் பின்னால் உன்னைவிட வேகமான வண்டி வருகிறது என்று ஓட்டுநருக்குத் தெரிவிப்பது அவர் வேலை. மஞ்சள் கொடிக்காரரோ வரும் வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம் போஸ்டிலிருந்து அடுத்த போஸ்ட் வரையுள்ள பகுதியில் யாராவது சுழன்றார்களா, எண்ணெய் சிந்தியதா என்று கண் எடுக்காமல் பார்த்திருப்பார். அவர் முதுகுக்கு நீலக் கொடிக்காரரே காவல். "விலகு" என்று ஒரு குரல் வந்தால், திரும்பிப் பார்த்து ஏன் என்று கேட்காமல் தடுப்புக்குப் பின்னால் போய்விட வேண்டும். சென்னையில் முன்பின் தெரியாத இருவர் ஒருவரையொருவர் இந்த அளவுக்கு நம்பும் இடம் வேறு எதுவென்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் போஸ்டுக்கு முதன்முறையாக வந்த கல்லூரி மாணவர் ஒருவர், சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையோடு உற்சாகமாக வந்து நின்றார். கொடியின் நிறத்தோடு குழம்பும் என்பதால் மார்ஷல்கள் மஞ்சளும் சிவப்பும் அணிவதில்லை என்று சொன்னபோது, "தோனி சட்டைக்குமா அண்ணா?" என்று உண்மையாகவே வருந்தினார். மாற்றுச் சட்டை ஒன்று கிடைத்தது. அன்று பிற்பகலே ஒரு ஃபார்முலா கார் வளைவின் முடிவில் சுழன்று தடத்தின் குறுக்கே நின்றுவிட்டது. தடம் அடைபட்டிருப்பதால் நிறுத்தவும் தயாராக வா என்று பொருள்படும் இரண்டு மஞ்சள் கொடிகளை, நான் வாய் திறப்பதற்குள் அவர் வீசத் தொடங்கியிருந்தார். பந்தயத்தையே நிறுத்தும் சிவப்புக் கொடியைக் கட்டுப்பாட்டு அறையின் உத்தரவு இல்லாமல் எந்தப் போஸ்டும் காட்டக் கூடாது. ஆனால் மஞ்சள் எங்கள் கையில் இருக்கிறது, அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

மாலையில் ஓர் ஓட்டுநர், மஞ்சள் கொடியின்போது தம்மை இன்னொருவர் முந்தினார் என்று முறையிட எங்களைத் தேடி வந்தார். மாணவர் எழுதி வைத்திருந்த குறிப்பில் வண்டி எண், சுற்று, இடம் ஆகிய மூன்றும் இருந்தன. வேண்டுமென்றே முந்தினாரா என்று அந்த ஓட்டுநர் கேட்டதற்கு, "அது எனக்குத் தெரியாதுங்க, பார்த்ததைத்தான் எழுதினேன்" என்றார் அவர். மார்ஷல் அறிக்கைக்கு அதைவிடச் சரியான இலக்கணம் கிடையாது.

பெரம்பூர் உறுப்பினர், ஓய்வுபெற்றவர்:

நான் சோழவரம் பார்த்தவன். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. செங்குன்றத்தைத் தாண்டிப் போனால் கான்கிரீட் பரப்பும் புழுதியும்தான். இன்று போல அணிகளும் விளம்பரங்களும் பெருகாத காலத்தில், புதுப்பேட்டை மெக்கானிக் ஒருவர் ஃபியட் எஞ்சினின் ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டிவிட்டு, அது எத்தனை சுற்று தாங்கும் என்று வேலிக்கு இந்தப் பக்கம் என்னருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டார். வண்டி நின்றுபோவதற்கு ஒரு சுற்றுக்கு முன்பே, "போச்சு, வால்வு" என்றார். 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி, நகரச் சாலையிலேயே சுவர்களுக்கு நடுவே நடந்த இரவுப் பந்தயத்தைப் பார்த்தபோது, அந்த மனிதர் இதற்கு என்ன சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வேளச்சேரி உறுப்பினர், ரேலி நேவிகேட்டர்:

என் கணவர் ஓட்டுவார், நான் வழியும் கணக்கும் சொல்வேன். நாங்கள் கலந்துகொள்வது வேகப் போட்டி அன்று. நேரம், வேகம், தூரம் மூன்றும் பொருந்த வேண்டிய டி.எஸ்.டி. ரேலி. வழியைக் காட்டும் குறிப்பேடான ரோடு புக்கில் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சிறு படம் இருக்கும்: புள்ளி நாம் வரும் திசை, அம்புக்குறி போக வேண்டிய திசை. மணிக்கு 36 கி.மீ. சராசரி என்று கொடுத்தால் விநாடிக்கு 10 மீட்டர், 7.2 கி.மீ. தாண்டச் சரியாக 12 நிமிடம் ஆக வேண்டும். தாமதித்தாலும் தண்டனைப் புள்ளி, முந்தினாலும் தண்டனைப் புள்ளி. நம் நேரத்தைக் குறிக்கும் சாவடி எங்கே மறைந்திருக்கிறது என்பது தெரியாது என்பதால் எல்லா இடத்திலும் சரியாக இருக்க வேண்டும். நம் காரின் ஓடோமீட்டர் நூற்றுக்கு இரண்டு கூடுதலாகக் காட்டினால், அதே 7.2 கி.மீ.யில் 14 விநாடிக்கு மேல் பிசகிவிடும். ஆகையால் தொடக்கத்தில் அமைப்பாளர்கள் அளந்து தரும் தூரத்தை ஓட்டிப் பார்த்து, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்வதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். நிறுத்தி, ஓரமாக ஏறி இறங்கி, மெதுவாக நகர்ந்தோம். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெரியவர் கதவில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரேஸுன்னு சொல்லிக்கிட்டு வர்றீங்க, எங்க ஊரு டிராக்டரு உங்கள முந்திடும் போலிருக்கே?" என்றார். "சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்றதுதான் தாத்தா போட்டி" என்றேன். "அப்ப எங்க ஊரு பஸ்ஸுக்காரனச் சேத்துவுடும்மா, அவனுக்கு அது தேவை" என்றார்.

அங்கே இழந்த நேரத்தை ஒரே மூச்சில் பிடிக்கப் பார்த்தார் என் கணவர். "ஏங்க, விடுங்க, கொஞ்சங்கொஞ்சமாப் பிடிக்கலாம்" என்று கெஞ்சியும் கடிந்தும் அவரை அடக்கி வைத்தேன். அடுத்த வளைவுக்குப் பின்னாலேயே புளியமரத்தடியில் சாவடி இருந்தது. நாங்கள் இன்னும் தாமதத்தில்தான் இருந்தோம், ஆனால் விநாடிக் கணக்கில். எங்களுக்கு முன்னால் போன இளைஞர்கள், நெல்லுக்கு நின்ற கோபத்தில் விரட்டிப் போய், நேரத்துக்கு முன்பே வந்ததற்காக எங்களைவிட அதிகப் புள்ளிகளை வாங்கியிருந்தார்கள்.