வேர்முண்டு உள்ளே வெள்ளை: சைட்டோகைனின் தெளிக்கலாமா?

செம்மண்மேடு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை மறுநடவு. இடைவரிசையில் பியுராரியா என்ற பயறின மூடுகொடி விதைத்து 6 வாரம். பள்ளத்துப் பக்கம் இலை மஞ்சளடிக்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர்முண்டு (காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் பாக்டீரியா குடியிருக்கும் குமிழ்) கடுகளவுதான், நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. 2 வாரத்துக்கு முன் யூரியா தூவியாச்சு. முண்டு கட்ட வைப்பதே சைட்டோகைனின் என்ற செடி ஹார்மோன்தான் என்கிறார்கள். வாங்கித் தெளிக்கலாமா?

வேரடி:
வேண்டாம் அண்ணே. கேள்விப்பட்டது சரிதான், ஆனால் அது இலையில் ஊற்றுகிற சங்கதி இல்லை. வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு என்ற பொருளை உணர்ந்து, முண்டில் குடியேறும் பிராடிரைசோபியம் பாக்டீரியா தன் பங்குக்கு 'நாட் காரணி' என்ற சமிக்ஞைப் பொருளை விடும். வேர்த்தூவி கொக்கிபோல் சுருண்டு பாக்டீரியாவை உள்ளே வாங்கும். அந்தச் சமிக்ஞையால் வேரின் புறணியில் (தோலுக்கு அடுத்த திசு) சைட்டோகைனின் கூடும், ஆக்சின் என்ற இன்னொரு ஹார்மோன் அதே புள்ளியில் குவியும், செல் பிரிந்து முண்டு எழும்பும். வெளியிலிருந்து கொடுத்தால் வேர் நீளுவது நிற்கும். சில பயறுச் செடிகளில் முண்டு மாதிரி ஏதோ புடைக்கும், உள்ளே பாக்டீரியா இருக்காது.

என் முதல் சந்தேகம் யூரியாமேல். மண்ணில் அது நைட்ரேட் ஆனதும், நைட்ரஜன் சும்மா கிடைக்கிறதே என்று செடி முண்டு கட்டுவதைக் குறைத்துவிடும்.

மண்வெட்டி:
பள்ளம் என்பதையும் விடாதீர்கள். நீர் தேங்கினால் எத்திலீன் வெளியேற வழியில்லாமல் வேரைச் சுற்றியே நிற்கும். பாக்டீரியா உள்ளே நுழைவதைத் தடுக்கும் ஹார்மோன் அது. முதலில் வாய்க்கால் வெட்டுங்கள்.

இன்னொன்று, கொடியைப் பிடுங்கிப் பார்க்கக் கூடாது, முண்டெல்லாம் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். 20 செ.மீ. ஆழம் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசுங்கள். முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் கழலும். வேரே வீங்கியிருந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை. பிளேடால் குறுக்கே வெட்டுங்கள்: சிவப்பென்றால் லெக்ஹீமோகுளோபின் என்ற நிறமி, நைட்ரஜன் பிடிக்கும் வேலை நடக்கிறது. பச்சை என்றால் முண்டு கிழடு. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உதவாத பாக்டீரியா இனம்.

செம்மண்மேடு:
மேட்டுப் பக்கமும் அதே யூரியாதான், அங்கே இலை பச்சையாக இருக்கிறதே?

வேரடி:
அது யூரியா கொடுத்த பச்சையாகவும் இருக்கலாம். அங்கேயும் தோண்டி வெட்டிப் பாருங்கள். மறுபடி விதைப்பதாக இருந்தால்: கொதிநீர் 2 பங்கு, பச்சைத்தண்ணீர் 1 பங்கு கலந்து விதையை இரவெல்லாம் ஊறவைத்து, நிழலில் ஈரம் வடியவிடுங்கள். பிறகுதான் பாக்டீரியாக் கலவை. சூட்டோடு கலந்தால் செத்துப்போகும். அதன்மேல் விதை எடைக்குச் சம எடை ராக் பாஸ்பேட். சூப்பர் பாஸ்பேட் வேண்டாம், அதன் புளிப்பு பாக்டீரியாவுக்கு ஆகாது. பூஞ்சைமருந்து பூசிய விதையும் ஆகாது. வெயில் தாழ்ந்தபின், அன்றைக்கே மண்ணுக்குள் போட்டுவிடுங்கள்.