இஎஸ்எக்ஸ்ஐ 6.7-இலிருந்து 7.0: முதலில் எதைச் சோதிப்பது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தின் மூன்று பழைய சர்வர்களில், ஒரே இயந்திரத்தில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் விஎம்வேர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ 6.7 இயங்குகிறது. அவற்றை 7.0-க்கு மேம்படுத்த வேண்டும். ஏதேனும் பிசகினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியுமா? எந்தச் சோதனையை முதலில் செய்வது?

மறுமொழி 1: டிரைவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 7.0-இல், லினக்ஸ் டிரைவர்களை இயக்கிவந்த விஎம்கேலினக்ஸ் அடுக்கு அடியோடு நீக்கப்பட்டுவிட்டதால், அதை நம்பியிருந்த பழைய நெட்வொர்க் கார்டுகளும் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்களும், அவற்றுக்கு நேட்டிவ் டிரைவர் (இஎஸ்எக்ஸ்ஐக்கென்றே எழுதியது) இல்லையென்றால், மேம்படுத்திய பின் ஹோஸ்டின் (இஎஸ்எக்ஸ்ஐ இயங்கும் சர்வரின்) கண்ணிலேயே படாது. இதைச் சரிபார்க்காமல் நாங்கள் ஒரு ஹோஸ்டை மேம்படுத்தி, மறுதொடக்கத்துக்குப் பின் நான்கு போர்ட்டுகளில் இரண்டை மட்டுமே கண்டோம், பிழை எங்களுடையதுதான். ஆதரிக்கப்படும் வன்பொருள்களின் பொருத்தப் பட்டியலில் கார்டின் பெயரோடு நிறுத்திவிடாமல், விஐடி (தயாரிப்பாளர் எண்), டிஐடி (சாதன எண்) ஆகியவற்றையும் ஒப்பிடுங்கள்.

மறுமொழி 2: திரும்புவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 7.0 பூட் வட்டின் பகிர்வு அமைப்பையே மாற்றிவிடுவதால் 6.7-க்கு நேராகத் திரும்ப இயலாது. புதிதாக நிறுவி, முன்பே எடுத்துவைத்த கான்ஃபிகரேஷன் காப்பை ஏற்ற வேண்டியதுதான். விசென்டர் (ஹோஸ்டுகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள்) இருந்தால் அதை முதலில் மேம்படுத்துங்கள். மெய்நிகர் கணினிகளின் ஹார்டுவேர் பதிப்பை (அவற்றுக்குக் காட்டப்படும் மெய்நிகர் வன்பொருளின் பதிப்பு எண்ணை) மட்டும் மூன்று ஹோஸ்டுகளும் முடியும்வரை தொடாதீர்கள். 17-க்கு உயர்த்திய கணினி 6.7 ஹோஸ்டில் இயங்காது.

கேட்டவர்: நன்றி ஐயா. ஒரு சர்வரில் பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் பழைய ரெய்டு கார்டு இருக்கிறது. அதன் எண்களை இன்றே ஒப்பிடுகிறேன்.