கடல் ஏறிவரும் காலத்தில் ஆட்சிப் பணிக்குப் படிப்பது பொருளுள்ளதா?

கேள்வி: எழில், எர்ணாவூர்

அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள ஒரு கல்லூரியில் விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் எங்கள் தெருவுக்குள் புகுந்தது. நீர் வடிந்த பிறகும் வீட்டுச் சுவரில் இடுப்புயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு நின்றது. சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். வெயில் ஏறியதும் அது மறுபடியும் கசிந்து வெளியே வந்தது.

குடிமைப் பணித் தேர்வு எழுத வேண்டும் என்பது வீட்டாரின் விருப்பம். என் விருப்பமும் அதுதான். ஆனால் என் மதிப்புக்குரிய பேராசிரியர் ஒருவர், "உலகம் முழுவதும் சேர்ந்து கெடுத்ததை ஒரு மாவட்ட ஆட்சியர் என்ன செய்துவிட முடியும்? ஆராய்ச்சிக்குப் போ" என்கிறார். பயிற்சிக் கட்டுரைகளில் மனிதன் இயற்கையின் எஜமானன் அல்லன், அதன் ஓர் அங்கம் என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறேன். எண்ணூர் முகத்துவாரத்தில் போய் நின்றால் அந்த வாக்கியம் எனக்கு எதையும் விளக்கவில்லை. இந்த மாற்றத்தில் மனிதரின் இடம் எது, அதில் ஓர் அரசு அலுவலரின் இடம் எது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: வேலு, பொன்னேரி (வருவாய்த்துறை, பணி ஓய்வு)

அம்மா எழில், உங்கள் பேராசிரியர் சொல்வதில் பாதி சரி. 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகவும், 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் புவியின் வெப்பம் தொழில்மயத்துக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்ததாகவும் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழு மதிப்பிட்டிருக்கிறது. இதை எந்த ஆட்சியரும் கையெழுத்துப் போட்டு இறக்க முடியாது.

மறுபாதியைப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை அரிக்கப்படுவதற்குக் கடல் மட்ட உயர்வு மட்டுமே காரணமன்று. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கட்டப்பட்ட அலைத்தடுப்புச் சுவர்கள் மறித்துவிட்டன. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே மீனவக் குடியிருப்புகள் கடலுக்குள் போயின, இன்று கல் கொட்டித் தடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே கடற்கரையில் ஒரு பக்கத்து மக்களுக்கு உலாவும் இடமும் மறுபக்கத்து மக்களுக்கு வீடிழப்பும் கிடைத்ததற்குக் காரணம் வானிலை அன்று, மனிதர் எடுத்த முடிவு. ஏறிவரும் கடல் இந்தப் பழைய முடிவின் மேல்தான் வந்து சேர்கிறது. ஆகவே மனித இனம் என்று மொத்தமாகப் பேசும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. அனல் மின் நிலையத்தின் மின்சாரத்தில் குளிரூட்டி ஓட்டுபவரும், அதன் சாம்பல் படிந்த கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பதிவு செய்யும் வேலைதான் அலுவலருடையது.

அந்தப் பதிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். மிக்ஜாமுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாக, குடும்ப அட்டையை வைத்து வழங்கப்பட்டது. விரைவாகக் கொடுப்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அட்டை சொந்த ஊரில் இருக்க, இங்கே வாடகைக்குக் குடியிருக்கும் சுமை தூக்கும் தொழிலாளியின் பெயர் அந்தப் பட்டியலில் தானாக ஏறாது. அவர் தனியே விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அது உண்மையா என்று ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்து அவருக்காகக் குறிப்பு எழுதுகிறவர் ஒரு கிராம நிர்வாக அலுவலரோ வருவாய் ஆய்வாளரோதான். தில்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை.

சட்டமும் கையில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியரே தலைவர். தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காலநிலை மாற்ற இயக்கத்திலும் மாவட்ட அளவில் பொறுப்பு அவருடையதே. 2024 அக்டோபரில் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டார்கள். வெயிலில் விழுந்து இறந்தவரின் மரணத்துக்கு உரிய காரணத்தைக் கோப்பில் எழுதுவதற்கு நேர்மையான ஓர் அலுவலர் இருந்தால்தான் அந்த அறிவிப்பால் அவர் குடும்பத்துக்குப் பயன்.

பதில்: மேரி, நெட்டுக்குப்பம்

தங்கை எழிலுக்கு வணக்கம். பெரியவர் சொன்னவற்றை மதிக்கிறேன். ஆனால் நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. எங்கள் கழிமுகத்தின் தென்கரை சென்னை மாவட்டத்தில் இருக்கிறது, வடகரையிலுள்ள காட்டுப்பள்ளியும் அத்திப்பட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். கொசஸ்தலையாற்றில் தண்ணீர் திறக்கும் பூண்டி நீர்த்தேக்கம் இன்னும் மேற்கே இருக்கிறது. தண்ணீருக்கு மாவட்ட எல்லை தெரியாது, ஆனால் எங்கள் மனு அந்த எல்லையில் போய் நின்றுவிடுகிறது. ஓர் அலுவலர் ஏற்றவற்றத்தையும் முகத்துவாரம் தூர்வதையும் புரிந்துகொள்ளத் தொடங்கும் நேரத்தில் அவருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிடும். அடுத்து வருபவருக்கு நாங்கள் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எண்ணெய் படர்ந்த நாட்களில் எங்கள் ஆட்கள் குவளையாலும் வாளியாலும் அதை அள்ளியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை செய்தி போனது நாங்கள் விடாமல் பேசியதால்தான். எனவே அதிகாரியாக வாருங்கள், ஆனால் மக்கள் கேட்காமலே அலுவலகம் தானாக நகரும் என்று நம்பி வராதீர்கள்.

பதில்: கதிர், கொளத்தூர்

தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விலங்கியல் பட்டம் இருப்பதால் இந்திய வனப் பணிக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம். முதல்நிலைத் தேர்வு குடிமைப் பணிக்கும் அதற்கும் ஒன்றே. மாநில அளவில் குரூப் 1 எழுதினால் துணை ஆட்சியர் பதவி, குரூப் 1-ஏ எழுதினால் உதவி வனப் பாதுகாவலர் பதவி. பெரியவர் குறிப்பிட்ட கிராம நிர்வாக அலுவலர் பணிக்கான தேர்வு குரூப் 4. குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம் என்பதையும் மறக்க வேண்டாம். நான் முதல்வன் திட்டத்தில் தேர்வானால் முதல்நிலைத் தயாரிப்புக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் கிடைக்கும். அமைதியாக உட்கார்ந்து படிக்க இடம் வேண்டுமானால் எங்கள் பகுதியிலுள்ள முதல்வர் படைப்பகத்தைப் பாருங்கள்.

கட்டுரைத் தாள் 250 மதிப்பெண்ணுக்கு உரியது. சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கடமை என்னும் அரசமைப்பின் 48ஏ பிரிவை எல்லோரும் எழுதுவார்கள். 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கானமயில் என்னும் அரிய பறவையின் பாதுகாப்பு தொடர்பான ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை சமத்துவத்துக்கான 14-ஆம் பிரிவோடும் உயிர் வாழும் உரிமைக்கான 21-ஆம் பிரிவோடும் இணைத்துச் சொன்னதைப் படித்துவிட்டு, உங்கள் சுவரிலுள்ள அந்தக் கோட்டை அதன் பக்கத்தில் வைத்து எழுதிப் பாருங்கள். எஜமானனா, அங்கமா என்ற விவாதத்தைவிட அது வலுவாக இருக்கும்.

எழில், எர்ணாவூர்

மூவருக்கும் நன்றி. வனப் பணியையும் குரூப் 1-ஐயும் சேர்த்தே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மேரி அக்கா சொன்ன மாவட்ட எல்லைச் சிக்கல் எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் இல்லை. வேலு ஐயா, எங்கள் பகுதிக்கான பேரிடர்த் திட்டத்தை மாணவர்கள் பார்க்க முடியுமா? வெள்ளத்தோடு எண்ணெய் வந்தால் என்ன செய்வது என்று அதில் எழுதியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலு, பொன்னேரி

முடியும். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தை மாவட்ட இணையதளத்தில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். சென்னை, திருவள்ளூர் இரண்டின் திட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்து, கழிமுகத்தைப் பற்றி ஒன்றில் இருந்து மற்றொன்றில் விடுபட்டவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதை மனுவாக எழுதி, ராஜாஜி சாலை சிங்காரவேலர் மாளிகையில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்ப வேண்டும். மேரியும் ஊர்க்காரர்களும் உடன் கையெழுத்திட்டால் நல்லது.