அம்மா வீட்டுக் கமராவை இன்டர்நெட்டில் விடலாமா?

கொட்டகலைக்காரன்:
நான் கொழும்பில் வேலை, அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். போன மாதம் ஹோலுக்கு ஒன்று, இஸ்தோப்புக்கு (முன் விறாந்தை) ஒன்று என்று வைஃபை கமரா போட்டேன். பொருத்திய தம்பி பாஸ்வேர்டை மாற்றவே இல்லை என்று நேற்றுத்தான் கண்டேன். இப்போது மாற்றினால் போதுமா?

மலைத்தேனீ:
போதாது. இன்டர்நெட்டைக் கழற்றுங்கள், மெமரி கார்டில் பதிவாகட்டும். 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்ட பாஸ்வேர்டுகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துத்தான் கமராக்களுக்குள் புகுந்தது.

கொட்டகலைக்காரன்:
அண்ணே, களவுக்குப் பயந்து வைத்ததல்ல. அம்மா வழுக்கி விழுந்தால் கார்டு எனக்குப் போன் பண்ணுமா?

வயர்மேன்:
தேனீ சொல்வது பாதி சரி. மலையில் பலர் சிம் ரவுட்டர்தான் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரே வெளி முகவரியைப் பலர் பங்குபோடுவதால், பெரும்பாலும் வெளியாள் நேராகக் கமராவைத் தட்ட முடியாது. ஃபைபர் என்றால் ரவுட்டரில் யுபிஎன்பியை (கமரா தானாகவே வெளியே வழி திறக்க விடும் வசதி) அணைத்துவிடுங்கள்.

மலைத்தேனீ:
அப்போ ஆப்? கமராவே கம்பெனி சர்வருக்குப் படம் அனுப்புகிறதே. 2024 பெப்ரவரியில் வைஸ் (Wyze) கம்பெனிக் கமரா வைத்திருந்த சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படம் தெரிந்தது. பிழை கம்பெனிப் பக்கம். உங்கள் பாஸ்வேர்ட் எவ்வளவு நீளமாக இருந்து என்ன?

வயர்மேன்:
அதற்காக எல்லாவற்றையும் பிடுங்குவதா? இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், வேறெங்கும் பாவிக்காத பாஸ்வேர்ட் வையுங்கள். அதைவிட முக்கியம்: அந்தத் தம்பி தன் போனில்தான் கணக்குத் திறந்திருப்பார். அப்படியென்றால் கமராவுக்குச் சொந்தக்காரர் அவர், நீங்கள் விருந்தாளி! அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். சில கமராக்களில் ரீசெட் மட்டும் செய்தால் போதாது.

லயத்துப்பொண்ணு:
ஆம்பிளைகள் ரவுட்டரையே பேசுகிறீர்கள். இஸ்தோப்புக் கமரா எதைப் பார்க்கிறது? எங்கள் லயத்தில் ஒருத்தர் வைத்தார், பீலியில் குளிக்கிற பெண்கள் எல்லாம் அதில் விழுந்தார்கள். திருப்பி வைக்க இரண்டு நாள் சண்டை. அப்புறம், ஹோலில் கமரா வேண்டுமா என்று அம்மாவைக் கேட்டீர்களா?

கொட்டகலைக்காரன்:
கேட்கவில்லை அக்கா. இப்போதுதான் கேட்டேன். சேலை மாற்றக் குசினிக்குள் போகிறாராம். தம்பிக்கும் போன் பண்ணினேன். எங்கள் ஹோல் இன்னும் அவர் போனில் தெரிகிறது. "நீக்கச் சொல்லலையே அண்ணே" என்கிறார். ஹோல் கமரா வயரை அம்மா பிடுங்கியாயிற்று. இஸ்தோப்புக் கமராவை ஞாயிறு போய் வாசற்படிப் பக்கம் திருப்புகிறேன்.

மலைத்தேனீ:
அதையும் பிடுங்குங்கள்.

வயர்மேன்:
விடமாட்டீர்களே ஐயா!