நாலிழையா, நான்மடக்கா? (சனிக்கிழமைக்குள் வேண்டும்)

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அன்பர்களே, வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு எங்கள் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு கையேடு, சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஜி-குவாட்ரூப்ளெக்ஸ், அதாவது டிஎன்ஏ இழை மடிந்து எடுக்கும் ஓர் அடுக்கு உருவம், அதற்குத் தமிழ்ச் சொல் தேடி நிற்கிறேன். குரோமோசோமின் நுனிப்பகுதியான டெலோமியரை முனைக்கூறு என்று முன்பே ஒத்துக்கொண்டோம். மனிதரில் அது டிடிஏஜிஜிஜி என்ற டிஎன்ஏவின் ஆறெழுத்து, திரும்பத் திரும்ப. நுனியில் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி தன்மேல் தானே மடியும். நான்கு குவானின் (அந்த ‘ஜி’ எழுத்து) சேர்ந்து ஒரு சதுரம். அப்படி மூன்று சதுரம் ஒன்றன்மேல் ஒன்று. நடுவில் பொட்டாசியம் அயனி உட்கார்ந்து அடுக்கு குலையாமல் பார்த்துக்கொள்ளும். ‘நாலிழை’ சரிவருமா?

செங்கோட்டையிலிருந்து:
வேண்டாம் தம்பி. இழை ஒன்றுதானே, அதுவே நாலு தடவை ஏறி இறங்குகிறது. நாலிழை என்றால் பிள்ளைகள் நாலு தனி இழையைத் தேடும். ‘நான்மடக்கு’ என்று வையுங்கள், நான்மறை, நான்மாடக்கூடல் போல. மடக்குக் கத்தி தெரியாதவர் உண்டா? மலையாளத்திலும் மடக்கு என்றால் மடிப்புத்தான். அதோடு தண்டியலங்காரத்து மடக்கணியை நினைத்துப் பாருங்கள்: அதே எழுத்துத் தொடர் மீண்டும் வருவது. மடிவதும் மீள்வதும் ஒரே சொல்லில்!

நகரியிலிருந்து:
ஐயா, மடக்கணியில் மீண்டும் வரும்போது பொருள் மாற வேண்டுமே. இங்கே என்ன மாறுகிறது? நான்மடங்கு என்று வேறு படித்துவைப்பார்கள். குவானினையும் பொட்டாசியத்தையும் அப்படியே விட்டுவிட்டு இதற்கு மட்டும் ஏன் தனித்தமிழ்? குவாட்ரூப்ளெக்ஸ் என்றே இருக்கட்டும்.
அப்புறம், இந்த உருவத்தைக் காட்டித்தரும் சாயம் அதை ‘இனங்காண்கிறது’ என்று கையேட்டின் வரைவில் இருக்கிறது. சாயத்துக்குக் கண்ணா இருக்கிறது? எங்கள் ஊர்த் தறிக்காரரைக் கேட்டால் ‘சாயம் பிடித்தது’ என்பார். தயோஃபிளேவின் டி என்ற அந்தச் சாயம் தண்ணீரில் மங்கிக் கிடக்கும். அதன் இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துச் சுழன்று, வாங்கிய ஒளியை வீணாக்கிவிடும். சதுரத்தின்மேல் போய்ப் படிந்தால் சுழல முடியாது, பளிச்சென்று ஒளிரும். ‘பிடித்து ஒளிர்தல்’ போதாதா?

செங்கோட்டையிலிருந்து:
சாயத்துக்குச் சரி. மடக்கில் பொருள் மாறவில்லை என்று யார் சொன்னது? 1993இல் இந்த இழையைச் சோடியக் கரைசலில் பார்த்தால் கூடை மாதிரி மடிந்திருந்தது. 2002இல் பொட்டாசியத்தோடு படிகமாக்கிப் பார்த்தால் இழை வளையும் கண்ணிகள் பக்கவாட்டில் காற்றாடி இறக்கை மாதிரி. அதே எழுத்து, வேறு உருவம். இதைவிட என்ன வேண்டும்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
இன்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி, “நாலு மடக்குத் தண்ணியா சார்?” என்றாள். வகுப்பே சிரித்தது, ஆனால் மணி அடிக்கும்போது எல்லார் வாயிலும் நான்மடக்குதான். அதையே போடுகிறேன், முதல் தடவை வரும் இடத்தில் குவாட்ரூப்ளெக்ஸையும் சேர்த்து. சாயம், நகரிக்காரர் சொன்னபடி.

நகரியிலிருந்து:
கையேட்டில் போடுங்கள். சொற்பட்டியலில் ஏற்றும்போது என் மறுப்பையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.