போர் தண்ணீரில் ஓடும் கேஸ் கீசர்: தீ மஞ்சளாக எரிகிறது, பற்றும்போது ‘டப்’ சத்தம்

காட்பாடி_மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். 6 லிட்டர் இன்ஸ்டன்ட் கேஸ் கீசர், மாட்டி நாலு வருஷம் ஆகிறது. இதுவரை ஒருமுறைகூடக் கழற்றிச் சுத்தம் செய்யவில்லை. காவிரி கூட்டுக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான், கீசருக்குப் போவது போர் தண்ணீர். குழாய் வாயில் வெள்ளையாகக் காரை படிகிற தண்ணீர்.

இப்போது மூன்று தொந்தரவு. தீ முன்பு நீலமாக இருந்தது, இப்போது பாதிக்கு மேல் மஞ்சள். முன்பக்கத் தகட்டின் மேல் ஓரத்தில் கரி படிந்திருக்கிறது. குழாயைத் திறந்தால் டிக் டிக் என்று நாலைந்து முறை அடித்த பிறகுதான் பற்றுகிறது, அதுவும் ‘டப்’ என்ற சத்தத்தோடு. சுடுதண்ணீர் வரத்தும் குறைந்துவிட்டது, உள்ளே கெட்டில் கொதிப்பதுபோல் ஒரு இரைச்சல்.

மார்கழிக்கு முன்னால் சரிசெய்துவிட வேண்டும். எதை வீட்டிலேயே செய்யலாம், எதற்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்? பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் காரை போய்விடும் என்கிறார்கள், ஊற்றலாமா? கீசர் பாத்ரூமுக்குள், கதவுக்கு மேலே இருக்கிறது. ஒரு சின்ன வென்டிலேட்டர் உண்டு. புகைக்குழாய் கிடையாது.

தொரப்பாடி_பைப்லைன்:

சார், நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் முதலில் பேச வேண்டும். புகைக்குழாய் இல்லாத கீசர் பாத்ரூமுக்குள் இருக்கவே கூடாது. அதிலும் மஞ்சள் தீயும் கரியும் சேர்ந்துவிட்ட நிலையில், இன்றைக்கே ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். அது வெளியே வரும்வரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற, மணிக்குச் சுமார் 0.9 கிலோ கேஸ் எரிய வேண்டும். பத்து நிமிஷக் குளியலுக்கு 150 கிராம். அது முழுமையாக எரிய ஏறக்குறைய 2 கன மீட்டர் காற்று தேவை. 5 அடிக்கு 7 அடி, 8 அடி உயரப் பாத்ரூமில் இருக்கிற மொத்தக் காற்றே 8 கன மீட்டர்தான். ஒருவர் குளித்து முடிப்பதற்குள் அறைக் காற்றில் கால் பங்கு பர்னர் வழியாகப் போய்த் திரும்பிவிடுகிறது. அடுத்தவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தும்போது பர்னருக்குக் கிடைப்பது ஆக்சிஜன் குறைந்த காற்று. அப்போதுதான் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இருமல் வராது, கண் எரியாது. தலை கனக்கும், குமட்டும், கால் துவளும். அதற்குள் தாழ்ப்பாளைத் திறக்கத் தெம்பு இருக்காது.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஃபேன் போட்டால் வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும். வழி இல்லையென்றால் கீசர் புகை மேலே போகாமல் திரும்பி இறங்கும்.

கீசரைத் திறந்த பால்கனிக்கோ வெளிச்சுவருக்கோ மாற்றி, சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். மழைச் சாரல் படாமல் மேலே ஒரு தகடு போதும், சுற்றி அடைக்க வேண்டாம். கேஸ் குழாய் சுவரைத் துளைத்துப் போவதாக இருந்தால் அந்த இடத்தில் செம்புக் குழாய்தான், ரப்பர் ஹோஸ் கூடாது. ஹோஸ் மேல் அச்சடித்த வருஷத்தைப் பாருங்கள். ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா ஹோஸுக்கு 5 வருஷம்தான் ஆயுள்.

யாருக்காவது குளியலறையில் மயக்கம் வந்தால் முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்துவிட்டு 108. டாக்டரிடம் “கேஸ் கீசர்” என்ற வார்த்தையைச் சொல்ல மறக்கக் கூடாது. அது தெரிந்தால்தான் உடனே ஆக்சிஜன் வைப்பார்கள்.

செம்புச்சுருள்:

இடம் மாற்றுவது பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. எப்படியும் கழற்றத்தானே போகிறீர்கள், அப்போதே சுத்தத்தையும் முடித்துவிடலாம். மஞ்சள் தீ, ‘டப்’ சத்தம் இரண்டும் தீப் பக்கத்துக் கோளாறு. வரத்துக் குறைவும் இரைச்சலும் தண்ணீர்ப் பக்கம். தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இப்போதைக்குத் தீப் பக்கம்.

ரெகுலேட்டரை சிலிண்டரிலிருந்தே கழற்றுங்கள். கீசர் அடியில் இருக்கிற இரண்டு பெரிய டார்ச் செல்லையும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் வால்வை மூடி, அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து உள்ளே நிற்கும் தண்ணீரை விடுங்கள். குமிழ்களை இழுத்தால் வந்துவிடும், பிறகு முன் தகடு. கை வைக்கும் முன் ஒயர் எது எங்கே என்று செல்போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீழே இருப்பது பர்னர், வரிசையாக நிற்கும் தகடுகள். ஒவ்வொரு தகட்டின் அடியிலும் ஒரு வாய் இருக்கும். ஜெட்டிலிருந்து பாயும் கேஸ் அந்த வாய் வழியாகத்தான் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். மஞ்சள் தீ என்றாலே அங்கே காற்று குறைகிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பாருங்கள். தூசி, சிலந்தி வலை, சில சமயம் குளவி கட்டிய மண்கூடு. அந்த வாயில் நூலாம்படை இருந்தாலே தீ நிறம் மாறிவிடும். பர்னரைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, ஊதித் தள்ளுங்கள். கழுவினால் வெயிலில் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் மறுபடி ‘டப்’தான்.

ஜெட் என்பது பித்தளையில் மிகச் சின்ன ஓட்டை. அதில் ஊசியோ கம்பியோ விடவே கூடாது. ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் கேஸ் கூடுதலாக வரும், காற்று அதற்குப் போதாது, கரி இன்னும் அதிகமாகும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து ஊதினால் போதும்.

அடுத்தது தீப்பொறி ஊசி. கேஸ் திறந்த பிறகு பொறி தாமதமாக வந்தால், அதற்குள் சேர்ந்த கேஸ் ஒரேயடியாகப் பற்றும். உங்கள் ‘டப்’ அதுதான். ஊசி முனையை ஜீரோ நம்பர் எமரி பேப்பரால் மெதுவாகத் தேயுங்கள். பர்னருக்கும் முனைக்கும் இடைவெளி 3 முதல் 5 மில்லிமீட்டர். வெள்ளைப் பீங்கானில் விரிசல் இருந்தால் பொறி பர்னருக்குப் போகாமல் பக்கத்துத் தகட்டுக்குத் தாவும். தேய்த்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு ஊசி இருக்கும், அது தீ இருக்கிறதா என்று பார்ப்பது. அதில் கரி படிந்தால் பற்றிய சில நொடியில் தானாகவே அணையும். அதையும் துடைத்துவிடுங்கள்.

மேலே செம்பு ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது தண்ணீர் ஓடிச் சூடாகிற சுருள். மெல்லிய தகடுகளுக்கு நடுவில் கரி அடைத்தால் புகை மேலே ஏறாது, தீ முன்பக்கமாக நாக்கு நீட்டும். உங்கள் முன் தகட்டில் கரி வந்ததும் அதனால்தான். கழற்றி, பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தகடு ஓடும் திசையிலேயே தேயுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், மேலே உள்ள வெள்ளி நிறப் பூச்சு போய்விடும். வளைந்த தகட்டைக் கத்தியால் நிமிர்த்தாமல் பழைய ஏடிஎம் கார்டால் நிமிர்த்துங்கள்.

செல் விஷயம்: இரண்டும் சேர்ந்து 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.5-க்குக் கீழே காட்டினால் ஜோடியாக மாற்றுங்கள், அல்கலைன் போடுங்கள்.

சோலினாய்டு வால்வு (மின்சாரத்தில் கேஸைத் திறந்து மூடுவது), கேஸ் வால்வு, ரெகுலேட்டர் இவற்றைப் பிரிப்பது வீட்டு வேலை இல்லை. அங்கே சந்தேகம் என்றால் மெக்கானிக்தான்.

வாலாஜா_மோட்டார்:

காரைக்குப் பாத்ரூம் ஆசிட்டையே தண்ணீர் கலந்து ஊற்றலாமே? பத்து நிமிஷத்தில் கரைத்துவிடும். ஏன் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும்?

ரசாயன_டீச்சர்:

வேண்டாம் அண்ணா. பாத்ரூம் ஆசிட் என்று கடையில் விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். காரையைச் சீக்கிரம் கரைப்பது உண்மை. ஆனால் காரை கரைந்த இடத்தில் உடனே பித்தளை வால்வைத் தின்னத் தொடங்கும். பித்தளையில் உள்ள துத்தநாகம் அரித்துப்போய், சிவந்த கடற்பஞ்சு மாதிரி செம்பு மட்டும் மிஞ்சும். சுருளின் ஒட்டுகளும் பலவீனமாகும். எங்கே எவ்வளவு அரித்தது என்று வெளியிலிருந்து தெரியாது, ஒரு நாள் பர்னர் மேல் தண்ணீர் சொட்டும்போதுதான் தெரியும்.

சிட்ரிக் ஆசிட் போதும். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். 2 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம். கை பொறுக்கிற சூடு இருந்தால் வேலை வேகமாக நடக்கும், ஆனால் கொதிக்க வைக்கக் கூடாது.

சின்ன கீசர் சுருளில் அரை லிட்டர்கூட நிற்காது. ஊற்றி வைத்துவிட்டுப் போனால் அந்த அரை லிட்டரில் உள்ள ஆசிட் சீக்கிரம் தீர்ந்து சும்மா நிற்கும். அதனால் சுற்ற விட வேண்டும். ஏர் கூலரில் போடும் சின்ன முங்கு பம்பு ஒன்றை பக்கெட்டில் வைத்து, பிளாஸ்டிக் டியூபால் சுருளின் ஒரு முனையில் கொடுத்து, மறு முனையைப் பக்கெட்டுக்கே திருப்புங்கள். திரும்பி வரும் தண்ணீரில் நுரைநுரையாகக் குமிழ் வரும். காரையிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு அது. 45 நிமிஷம் ஓடட்டும்.

குமிழ் நின்றால் இரண்டு அர்த்தம் உண்டு: காரை தீர்ந்தது, இல்லை ஆசிட் தீர்ந்தது. புதிதாக ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பைப் பக்கெட்டில் போட்டுப் பாருங்கள். மறுபடி பொங்கினால் காரை பாக்கி இருக்கிறது, புதுக் கரைசல் கலக்குங்கள். 100 கிராம் சிட்ரிக் ஆசிட் அதிகபட்சம் 75 கிராம் அளவுக்குத்தான் காரையைக் கரைக்கும். நாலு வருஷம் போர் தண்ணீர் ஓடிய சுருளுக்கு இரண்டு தடவை தேவைப்படலாம்.

ராத்திரி முழுக்க ஊற விடாதீர்கள். கால்சியம் சிட்ரேட் என்ற வெள்ளைப் பொடி வண்டலாக இறங்கிப் பழைய காரையைவிடப் பிடிவாதமாக ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் 5 நிமிஷம் நல்ல தண்ணீர், பிறகு ஒரு ஸ்பூன் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஒரு சுற்று, மறுபடி நல்ல தண்ணீர். இது எல்லாமே சுருளைத் தனியாகக் கழற்றி வைத்துச் செய்வது நல்லது.

காரை மறுபடி படிவதைக் குறைக்க ஒரு வழி உண்டு. 60 டிகிரிக்கு மேல் போனால்தான் அது வேகமாகப் படிகிறது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் எடுத்துப் பச்சைத் தண்ணீர் கலக்குவதற்குப் பதிலாக, குமிழைக் குறைத்து 40 டிகிரி அளவிலேயே நேராக எடுங்கள். குளித்து முடித்ததும் கேஸை முதலில் நிறுத்தி, பத்து நொடி தண்ணீர் ஓடிய பிறகு குழாயை மூடுங்கள். இல்லாவிட்டால் சூடான செம்பில் தேங்கிய தண்ணீர் அங்கேயே வெந்து காரையை விட்டுவிடும்.

காட்பாடி_மாடிவீடு:

கழற்றியாயிற்று. மூன்று பர்னர் வாயில் சிலந்தி வலை, ஒன்றில் குளவி மண். காரை இரண்டு தடவை பொங்கி அடங்கியது. பால்கனிச் சுவரில் மாற்றி மாட்டியதும் முதல் நொடியிலேயே பற்றுகிறது, தீ நீலம். 10 லிட்டர் பக்கெட் நிறைய முன்பு மூன்று நிமிஷம், இப்போது இரண்டு. ஆனால் அடியில், தண்ணீர் வால்வும் கேஸ் வால்வும் சேர்கிற இடத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. முன்பு இல்லை. இன்னொன்று, மேல் டேங்கில் தண்ணீர் குறைந்தால் பற்றவே மாட்டேன் என்கிறது.

செம்புச்சுருள்:

தண்ணீர் வால்வுக்குள் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு இருக்கும். தண்ணீர் அழுத்தத்தில் அது அசைந்து, ஒரு ஊசியைத் தள்ளிக் கேஸைத் திறக்கும். சொட்டு விழுவது அந்தத் தள்ளு ஊசி வெளியே வருகிற இடம். அங்கே ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம் இருக்கும். நாலு வருஷத்தில் ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும், காரைதான் இத்தனை நாள் அந்த இடுக்கை அடைத்து வைத்திருந்தது. டயாஃப்ரம், ஓ-ரிங் இரண்டும் சேர்ந்த செட்டாகவே கிடைக்கும். பழையதைக் கையில் எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்குங்கள். ஊசியில் சிலிக்கான் கிரீஸ் துளி தடவுங்கள், சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். மாற்றும்வரை ஓட்டாதீர்கள், சொட்டு பொறியைத் தொடங்கி வைக்கிற மைக்ரோ சுவிட்சில் விழுந்தால் குழாய் மூடிய பிறகும் பொறி அடித்துக்கொண்டே இருக்கும்.

பற்றாததற்குத் தண்ணீர் அழுத்தம் காரணம். டேங்கு ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.1 பார் அழுத்தம்தான். டேங்கு உங்கள் தலைக்கு மேல் மொட்டை மாடியிலேயே இருந்தால் நிறைந்திருக்கும்போதே 0.3 பார் வருவது கஷ்டம், டயாஃப்ரம் அசைய அந்த அளவு வேண்டும். செலவு செய்யும் முன் தண்ணீர் நுழைகிற இடத்தில் உள்ள சின்ன வலை ஃபில்டரை எடுத்துப் பாருங்கள்; காரை கரைத்த பிறகு உதிர்ந்த துணுக்கும் போர் மணலும் அங்கேதான் நிற்கும். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலசினால் போதும். அலசிய பிறகும் பற்றவில்லை என்றால் டேங்கை ஒன்றரை மீட்டர் தூக்குங்கள், இல்லையென்றால் கீசர் லைனுக்கு மட்டும் ஒரு சின்ன பிரஷர் பம்பு.

தொரப்பாடி_பைப்லைன்:

இடம் மாற்றியதற்கு ரொம்ப சந்தோஷம் சார். புதிதாகப் போட்ட கேஸ் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தீர்களா? ரெகுலேட்டரைத் திறந்து, கீசரைப் பற்றவைக்காமல் தடவுங்கள். குமிழ் ஊதினால் கையால் இறுக்கிச் சமாளிக்காமல் வாஷரை மாற்றுங்கள். கேஸ் வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடுதான் தேங்கும். அதனால் பால்கனியில் தண்ணீர் போகும் ஓட்டை கீழே திறந்திருக்கட்டும், சாக்குப் போட்டு அடைத்துவிடாதீர்கள்.